வளர்த்த வீரரைத் தக்கவைப்பதா, விடுவதா? பாஸ்டன் ரெட் சாக்ஸ் போன நான்கு பாதைகள்

2018-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 108 ஆட்டங்களில் ஜெயித்து, கடைசியில் உலகத் தொடரையும் தூக்கியது. அந்த அணியின் தூண்களில் மூன்று பேரை பாஸ்டனே வளர்த்து எடுத்திருந்தது: முக்கி பெட்ஸ், ஸாண்டர் போகார்ட்ஸ், ரஃபேல் டெவர்ஸ். டென்னசியிலிருந்து ஒருவர், அரூபா தீவிலிருந்து ஒருவர், டொமினிக்கன் குடியரசிலிருந்து ஒருவர். மூவரையும் பதின்ம வயதிலேயே பிடித்து, மைனர் லீக் எனும் கீழ்மட்டப் போட்டிகளில் பக்குவப்படுத்தி மேலே கொண்டுவந்தார்கள். 2025 ஜூன் முடிவதற்குள் மூவருமே வேறு ஊர்ச் சட்டையில் இருந்தார்கள். அதுவும் மூன்று வெவ்வேறு வழிகளில்.

சொந்த வீரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுக்கலாமா என்ற விவாதம் பேஸ்பாலில் ஒவ்வொரு குளிர்காலமும் வரும். அதற்கு பாஸ்டனைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரே கிளப், ஒரே முதலாளி, பத்து வருடத்துக்குள் எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டது.

முதலில் விதிமுறை. உச்ச லீகான மேஜர் லீகுக்கு வரும் வீரர், ஆறு ஆண்டு சேவைக்காலம் முடியும்வரை அந்தக் கிளப்பின் ஆள்தான். பொதுவாக முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். வீரர் ஒரு தொகை கேட்பார், கிளப் ஒரு தொகை சொல்லும். ஒத்துவராவிட்டால் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நடுவில் ஒரு தொகை சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. ஆறு வருடம் முடிந்ததும் வீரர் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஒப்பந்தத் தொகை முழுக்க உத்தரவாதமானது. முழங்கால் போனாலும் ஃபார்ம் போனாலும் பணம் போய்ச் சேர வேண்டும்.

ஆக, கிளப்புக்கு நான்கு வழிகள். ஆள் வந்த புதிதிலேயே நீண்ட ஒப்பந்தம் போடுவது. ஐந்தாம் ஆறாம் வருடத்தில் சந்தை விலைக்குப் பக்கத்தில் போடுவது. ஒன்றும் செய்யாமல் போக விடுவது. போவதற்கு முன் டிரேடில் கொடுத்து பதிலுக்கு இளம் வீரர்களை வாங்குவது.

பெட்ஸ் விஷயத்தில் பாஸ்டன் எடுத்தது கடைசி வழி. 2018 தொடங்கும் முன் அவர் ஆர்பிட்ரேஷனுக்குப் போனார். அவர் கேட்டது 1.05 கோடி டாலர், கிளப் சொன்னது 75 லட்சம். நடுவர் குழு பெட்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. முப்பது லட்சம் டாலருக்காக கிளப் தன் சொந்த ஆளோடு விசாரணை அறையில் உட்கார்ந்து வாதாடிய அதே வருடம், அவர் .346 சராசரியில் அடித்து பேட்டிங் பட்டம் வாங்கினார், எம்விபி (லீகின் மிகச் சிறந்த வீரர்) ஆனார், கோப்பையும் கொண்டுவந்தார். அடுத்தடுத்த சம்பளம் 2 கோடி, 2.7 கோடி என்று ஏறியது. கிளப் நீட்டிய நீண்ட ஒப்பந்தங்களை அவர் ஏற்கவில்லை. பாஸ்டன் பத்து வருடத்துக்கு 30 கோடி சொன்னது, அவர் பன்னிரண்டு வருடத்துக்கு 42 கோடி கேட்டார் என்று அப்போது செய்தி வந்தது.

இரண்டு வருடமாக ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் வரம்பை மீறினால் லீகுக்குக் கட்டுவது) எல்லையைத் தாண்டிய கிளப், 2020-இல் அதற்குக் கீழே இறங்க முடிவு செய்தது. பிப்ரவரியில் பெட்ஸும், அவரோடு டேவிட் பிரைஸ் என்ற விலை உயர்ந்த பிட்சரும் (பந்து வீசுபவர்) லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார்கள். பிரைஸின் மீதிச் சம்பளத்தில் பாதியை பாஸ்டனே கட்டியது. பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது மொத்தம் 14 ஆட்டங்கள். வெர்டூகோவை 2023 டிசம்பரில் பரம எதிரியான யாங்கீஸுக்கே அனுப்பினார்கள். மிஞ்சியது ஒரு கேட்சர், வாங். பெட்ஸோ 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகளை டாட்ஜர்ஸோடு வென்றார். பாஸ்டன் 2020, 2022, 2023-இல் தன் பிரிவில் கடைசி.

டிரேடை ஆதரித்தவர்கள் அன்று சொன்ன காரணம், "அவர் எப்படியும் சந்தைக்குப் போயே தீருவார்" என்பது. ஆனால் அதே வருடம் ஜூலையில், சந்தைக்குப் போகாமலேயே, டாட்ஜர்ஸோடு பன்னிரண்டு வருடத்துக்கு 36.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். கொரோனா காலம், சீசன் 60 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது, அடுத்த வருடம் சந்தை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத நேரம். அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும், செய்தியில் வந்த 30-க்கும் 42-க்கும் சரியாக நடுவில் 36 நிற்கிறது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆளுக்காக பாஸ்டன் மாதிரிப் பணக்கார கிளப் அந்த நடுப்புள்ளிக்கு நகராததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. வருமானம் குறைந்த கிளீவ்லேண்ட், 2021 ஜனவரியில் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்ததைப் புரிந்துகொள்ளலாம். மெட்ஸ் அவருக்குப் போட்ட 34.1 கோடி அந்த ஊரின் எல்லைக்கு அப்பால். பாஸ்டனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

போகார்ட்ஸ் கதை வேறு. 2019 ஏப்ரலில் ஆறு வருடத்துக்கு 12 கோடி என்ற, சந்தையைவிடக் குறைந்த ஒப்பந்தத்துக்கு அவரே இறங்கிவந்தார். ஆனால் 2022 முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது. விலகினார், சான் டியேகோ பதினொரு வருடத்துக்கு 28 கோடி கொடுத்தது. அவருக்கு நாற்பது வயதாகும்வரை ஓடும் ஒப்பந்தம் அது. பாஸ்டனில் ஆடிய உயரத்தை அவர் அங்கே தொடவில்லை. அந்த விலைக்குப் போகாதது சரியே. 2022 வசந்தத்தில், 28 கோடிக்கு வெகு கீழே ஒரு நியாயமான தொகையை நீட்டியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது டெவர்ஸ். இரண்டு பேரை இழந்த ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. 2023 ஜனவரி 2 அன்று பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. அங்கே வந்த முதலாளி ஜான் ஹென்றியைப் பார்த்து மக்கள் ஊளையிட்டார்கள். இரண்டு நாளில் டெவர்ஸ் ஒப்பந்தச் செய்தி வெளியே வந்தது: பத்து வருடம், 31.35 கோடி. கூட்டத்தின் கோபத்துக்கு எழுதப்பட்ட காசோலை மாதிரித்தான் எனக்கு அது பட்டது.

இரண்டே சீசன். 2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை அழைத்துவந்து தேர்ட் பேஸில் நிறுத்தினார்கள். அதுவரை அங்கே நின்ற டெவர்ஸை, ஃபீல்டிங் இல்லாத வெறும் பேட்டராக்கினார்கள். மே மாதம் ஃபர்ஸ்ட் பேஸ்காரர் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்காலில் பலத்த காயம். அங்கே போய் நில் என்றார்கள்; முடியாது என்று டெவர்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். ஹென்றி கன்சாஸ் சிட்டிவரை பறந்து போய்ப் பேசியும் பலன் இல்லை. ஜூன் 15 அன்று யாங்கீஸுக்கு எதிரான மூன்று ஆட்டங்களையும் வென்ற கையோடு, டெவர்ஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு அனுப்பப்பட்டார். மீதி 25 கோடிக்கு மேற்பட்ட சுமையும் அவரோடு போயிற்று.

இதை வைத்து "நீண்ட ஒப்பந்தமே ஆபத்து" என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெவர்ஸ் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு ஒருவரைத் தூணாக அறிவித்த பிறகு, அவரிடம் கலந்து பேசாமல் இடத்தை மாற்றினால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. பணம் கொடுப்பது பாதி வேலை. மீதி பாதியை பாஸ்டன் செய்யவில்லை.

கடைசியாக, ரோமன் ஆண்டனி. 2025 ஜூன் 9 அன்று மேஜர் லீகுக்கு வந்தார். ஆகஸ்டில், இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், எட்டு வருடத்துக்கு 13 கோடி. இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டனியின் எட்டு வருடமும் டெவர்ஸின் பத்து வருடமும் 2033-இல்தான் முடிகின்றன. அப்போது டெவர்ஸுக்கு வயது 36. ஆண்டனிக்கு 29. ஒரு பேட்டரின் உடம்பும் கண்ணும் கையும் உச்சத்தில் இருப்பது இருபதுகளின் நடுவிலிருந்து கடைசிவரை. முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் கிளப் அந்த வருடங்களை வாங்குகிறது. ஐந்தாறு வருடம் காத்திருந்து வாங்கும் கிளப், அதே வீரரின் முப்பதுகளைப் பாதிக்கு மேல் சேர்த்து வாங்குகிறது. விலையோ இரண்டு மடங்குக்கும் மேல்.

சும்மா கிடைப்பதில்லை இது. ஆடம்பர வரிக் கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டு சராசரிதான் ஏறும். ஆண்டனி பெயரில் வருடத்துக்கு சுமார் 1.6 கோடி உடனே ஏறுகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் வருடங்களில் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில் முடிந்திருக்கும். ஆள் தேறாமல் போகும் ஆபத்தும் உண்டு. கிறிஸ்டியன் கேம்பெலைப் பாருங்கள்: 2025 ஏப்ரலில் எட்டு வருடத்துக்கு 6 கோடி, அந்த மாதமே சிறந்த புதுமுகம் என்ற பட்டம், ஜூனில் மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் முன்கூட்டியே போடும் ஒப்பந்தத்தில் தோல்வியும் சிறிய தோல்விதான். ஃபிலடெல்ஃபியாவின் ரயன் ஹோவர்டுக்கு, ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டு சீசன் இருக்கும்போதே 2010-இல் ஐந்து வருடத்துக்கு 12.5 கோடி போட்டார்கள். 2011 பிளே-ஆஃபில் அணி வெளியேறிய ஆட்டத்தின் கடைசி அவுட்டில் ஓடும்போது அவர் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒப்பந்தம் தொடங்கவேண்டியது 2012-இல்! முப்பது வயதில் தவறினால் அந்த அடி பல வருடம் வலிக்கும்.

ஒரு சின்ன விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆண்டனியை 2022 டிராஃப்டில் (புது வீரர்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்தது, எட்வர்டோ ரோட்ரிகஸ் என்ற பிட்சர் டெட்ராய்டுக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில். கேம்பெலை 2023-இல் எடுத்தது போகார்ட்ஸ் போனதற்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில். அதனால் போக விடுவதை அப்படியே வெறும் இழப்பு என்று எழுதிவிடக் கூடாது. யாரைப் பிடித்துக்கொள்வது, யாரை விடுவது என்ற தேர்வு சரியாக இருந்தால் அதுவும் ஒரு வழிதான்.

இந்த முன்கூட்டிய வழியைப் பெரிய அளவில் கையாண்டது அட்லாண்டா அணி. 2019 ஏப்ரலில் ரொனால்ட் அகுன்யாவுக்கு எட்டு வருடம் 10 கோடி. சில நாளில் ஓஸி ஆல்பீஸுக்கு ஏழு வருடம் 3.5 கோடி. 2022-இல் ஆஸ்டின் ரைலி, மைக்கேல் ஹாரிஸ், ஸ்பென்சர் ஸ்டிரைடர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 2021-இல் கோப்பை, 2023-இல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்) என்று அகுன்யா ஒருமனதாக எம்விபி. பாஸ்டன் பெட்ஸுக்கு ஆர்பிட்ரேஷனின் கடைசி வருடத்துக்கு மட்டும் 2.7 கோடிக்கு ஒப்புக்கொண்டது. ஆல்பீஸின் ஏழு வருடத்துக்கும் சேர்த்தே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அந்த ஆல்பீஸ் ஒப்பந்தம் எனக்கு உறுத்துகிறது. குராசோ தீவிலிருந்து வந்த 22 வயதுப் பையன். கிளப்புக்கு லாபம் என்று கைதட்டுகிறவர்கள், அந்த லாபம் யார் பையிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெனிசுவேலாவில் ஒரு லட்சம் டாலருக்கு ஒப்பந்தமான அகுன்யா, 21 வயதில் 10 கோடியை வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. 2021-இலும் 2024-இலும் அவருடைய இரண்டு முழங்கால்களும் மாறி மாறிக் கிழிந்ததைப் பார்க்கும்போது, அவர் எடுத்தது புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆல்பீஸுக்குக் கிடைத்த தொகையில் அந்த நியாயம் இல்லை.

காத்திருந்து கொடுத்ததற்கும் ஒரு வெற்றிக்கதை உண்டு. 2022 ஏப்ரலில் ஆரன் ஜட்ஜ், யாங்கீஸ் நீட்டிய ஏழு வருடம் 21.35 கோடியை மறுத்தார். அந்த சீசனில் 62 ஹோம் ரன் அடித்தார். டிசம்பரில் ஒன்பது வருடத்துக்கு 36 கோடி கொடுக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகும் 2024, 2025-இல் எம்விபி. யாங்கீஸ் தாமதத்துக்குப் பெரிய அபராதம் கட்டியது, ஆனால் கட்ட அதனிடம் பணம் இருந்தது, ஆளும் அதற்குத் தகுதியானவர். பெட்ஸிடம் பாஸ்டன் செய்திருக்க வேண்டியதும் இதுவே.

என் வரிசை இப்படித்தான். பேட்டர் என்றால் முதல் இரண்டு வருடத்துக்குள் பேசி முடிப்பது முதல் வழி. பிட்சர் என்றால் பத்து முறை யோசிப்பேன்; 2022-இல் கையெழுத்துப் போட்ட ஸ்டிரைடருக்கு 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை சிகிச்சை. முன்கூட்டிப் போட மறுக்கும் ஆள் பெட்ஸ், ஜட்ஜ் தரம் என்றால், வலித்தாலும் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு படி கீழே இருப்பவரை மரியாதையாக வழியனுப்பி, டிராஃப்ட் ஈட்டை வாங்கிக்கொள்ளலாம். சம்பளப் பட்டியலைக் குறைப்பதற்காக டிரேட் செய்வது, பணக்கார கிளப் என்றால், என் பட்டியலிலேயே இல்லை.

முன்கூட்டிய ஒப்பந்தத்தின் அநியாயத்துக்கும் ஆண்டனி ஒப்பந்தத்தில் ஒரு பதில் இருக்கிறது. எம்விபி வாக்கெடுப்பில் எங்கே வருகிறார், ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வாகிறாரா என்பதைப் பொறுத்து அவருடைய 13 கோடி 23 கோடிவரை ஏறும். ஆல்பீஸின் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அதைப் பற்றி நான் இவ்வளவு கசப்போடு எழுதியிருக்க மாட்டேன். இனி 21 வயதுப் பையன் எவனிடமும் எட்டு வருடத்தைக் கேட்கும் கிளப், இந்த ஏற்றத்தையும் சேர்த்தே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வீரர் சங்கம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.