இடத்தை மூடுவதா, காலத்தை மூடுவதா?

ராமநாதபுரம் கடலில் மீனைக் காக்க இரண்டு வழிகள் நடப்பில் உள்ளன. ஒன்று, இடத்தை மூடுவது: 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும். தூத்துக்குடி வரை நீளும் தீவுச் சரம் அது. மற்றது, காலத்தை மூடுவது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை.

தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம். நிவாரணத் தொகையும் உண்டு. ஆனால் தடை முடிந்ததும் கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலைகளான இழுவைமடிகள் மொத்தமாக இறங்குகின்றன. ஒரே இழுப்பில் உடைகிற பவளப்பாறை வளர ஆண்டுகள் பல வேண்டும். இரண்டு மாத ஓய்வு அதற்குப் போதாது. பாறைக்குப் பூங்காதான் காவல்.

பூங்கா என்றால் யாரும் உள்ளே போய் எதையும் எடுக்கக் கூடாது. அந்தக் காவலின் சுமை யார் தலையில்? தலைமுறையாகத் தீவோரம் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்து பாசி என்ற கடற்பாசியைப் பறித்த பெண்கள் தலையில். மாதத்துக்கு 12 நாள் மட்டுமே பறிப்பது என்று பாம்பன் சின்னப்பாலம் கிராமத்துப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களையும் இழுவைமடியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

என் தேர்வு இடத்தை மூடுவதே, அந்த 12 நாள் கணக்கைச் சட்டமும் ஏற்குமானால்.