ஸ்பேசரை அளக்காமல் ஸ்பிண்டில் செட் வாங்காதீர்கள்

பழைய புல்வெட்டி டிராக்டரை விடவும் மனமில்லாமல், புதிது வாங்கவும் மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், டெக்குக்கு (பிளேடுகளை மேலிருந்து மூடியிருக்கும் அடித்தட்டுக்கு) ஸ்பிண்டில், அதாவது பிளேடைச் சுழற்றும் அச்சுத் தொகுதி, வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மூன்று முறை ஏமாந்தேன், மூன்றும் ஒரே ஆளிடம். அதில் கால்வாசித் தப்பு என்னுடையது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னுடையது இரண்டு பிளேடு போட்ட 42 இன்ச் டெக். இடது பக்கத்திலிருந்து கிறீச் என்று சத்தம் வர ஆரம்பித்தது, வெட்டிய இடமும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கித் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். நன்றாகவே ஆடியது. பேரிங் போய்விட்டது, அவ்வளவுதான்.

டெக்கை இறக்கிக் கவிழ்த்தால் உள்ளே புல் அடை அடையாகக் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டியபிறகுதான் அடியில் இருந்த துரு தெரிந்தது. ஸ்பிண்டிலின் ஹவுசிங்கை, அதாவது பேரிங்குகள் உட்காரும் கூட்டை, பிடித்திருந்த நான்கு போல்ட்டில் ஒன்று தலை முறிந்து ஸ்பேனரோடு வந்துவிட்டது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டிருந்தால் ஒழுங்காகக் கழன்றிருக்கும், எனக்குப் பொறுமை இல்லை. சரி, ஹவுசிங்கே புதிது வாங்கிவிடுவோம் என்று இணையத்தில் தேடினேன்.

அங்கேதான் அந்த விற்பனையாளர் கிடைத்தார். ஹவுசிங், ஷாஃப்ட், பேரிங், புல்லி எல்லாம் சேர்ந்த செட், உங்கள் மாடலுக்கு அப்படியே பொருந்தும், கூடவே வெளியிலிருந்து கிரீஸ் அடிக்கும் சிறு முனையான கிரீஸ் நிப்பிளும் உண்டு என்று போட்டிருந்தார். நிப்பிளைப் பார்த்து மயங்கியது நான்தான். வந்தது பெயர் எதுவும் இல்லாத வெள்ளைப் பெட்டி. போல்ட் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அலுமினிய ஹவுசிங்கில் நான்கு ஓட்டைகள், ஒன்றிலும் மரை இல்லை.

அது குறை இல்லை, இந்த ஹவுசிங்குகள் பலவும் அப்படித்தான் வரும். மரையைத் தானே உருவாக்கிக்கொண்டு இறங்கும் தனி வகை போல்ட்டை, நேராகப் பிடித்துக் கையாலேயே மெதுவாக ஏற்ற வேண்டும். நான் என்ன செய்தேன்? மிஞ்சிய பழைய போல்ட்டுகளோடு முறிந்ததற்குப் பதில் வேறொன்றையும் சேர்த்து, இம்பாக்ட் கன்னில் (தட்டித் தட்டி இறுக்கும் மின்கருவியில்) மாட்டி விறுவிறுவென்று ஏற்றினேன். மூன்று ஏறின. நான்காவது கோணலாகப் போய், கடைசியில் இறுகாமல் சும்மா சுற்ற ஆரம்பித்தது. ஓட்டையிலிருந்து அலுமினியம் சுருள் சுருளாக வந்தது. சாதாரண மரை போல்ட்டை வாங்கி மறுபக்கம் லாக் நட் போட்டுச் சமாளித்தேன். இது முழுக்க என் தப்பு. ஆனால் அவருக்கு இது பிற்பாடு எப்படி உதவியது என்று பாருங்கள்.

எல்லாம் மாட்டி ஓட்டினேன், பத்து நிமிடம்கூட இருக்காது, ரப்பர் தீயும் வாடை. நிறுத்திவிட்டு ஹவுசிங்கில் விரல் வைத்தேன், சுரீர் என்றது. அவருக்கு எழுதினால், பெல்ட் பழசு, அது வழுக்குவதால்தான் சூடு, எங்கள் பெல்ட்டைப் போடுங்கள் என்று பதில். வாங்கினேன்! புல்வெட்டி டெக் பெல்ட்டுக்குள் பெரும்பாலும் அராமிட் என்னும் உறுதியான செயற்கை நூல் இருக்கும், பிளேடு சுழலத் தொடங்கும்போது வரும் திடீர் இழுப்பைத் தாங்குவதற்காக. அவர் அனுப்பியது வேறு ஏதோ மெஷினுக்கான சாதாரண வி பெல்ட். இரண்டாவது தடவை வெட்டும்போதே நீண்டு தொங்கிவிட்டது. சூடு மட்டும் குறையவே இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றினேன், நகரவே மறுத்தது. மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், பம்பரம் மாதிரி சுற்றியது. மறுபடி இறுக்கினேன், பிடித்துக்கொண்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்தச் சாமானை வாங்காதீர்கள்: மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் நடுவில் ஷாஃப்ட்டின் மேல் ஒரு சிறிய குழாய் இருக்கும், ஸ்பேசர். நட்டை இறுக்கும் விசை புல்லி வழியாக மேல் பேரிங்கின் உள் வளையத்துக்கும், அங்கிருந்து ஸ்பேசர் வழியாகக் கீழ் பேரிங்குக்கும் போக வேண்டும். ஸ்பேசர் குட்டையாக இருந்தால் இரண்டு உள் வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும், பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் நசுங்கிக்கொண்டே சுற்றும். பழைய ஸ்பிண்டில் நல்லவேளையாகக் காயலான் வாளியிலேயே கிடந்தது. அதன் ஸ்பேசரை எடுத்துத் துடைத்து, புதியதன் பக்கத்தில் கண்ணாடி மேல் நிற்கவைத்தேன். வெர்னியர் இல்லாமலே தெரிந்தது. வைத்து அளந்தால் 0.9 மி.மீ. குட்டை.

நிப்பிள் கதையையும் கேளுங்கள். உள்ளே இருந்தவை இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்ட பேரிங்குகள். நிப்பிளில் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் அது நடுவில் உள்ள வெற்றிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமே தவிர, சீலைத் தாண்டிக் குண்டுகளிடம் போகாது. வெறும் அலங்காரம். பேரிங் மேல் இருந்த எழுத்தை, சந்தேகப்பட்டுத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன், பாதி துணியோடு வந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். படம் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். அந்த நான்காவது ஓட்டையை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பி, நீங்கள் பொருளைச் சேதப்படுத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்றார். ஸ்பேசர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து தடவை கேட்டபிறகு, நல்லெண்ண அடிப்படையில் பாதி விலையில் 6203 என்ற அளவு எண் கொண்ட இரண்டு பேரிங் தருகிறோம் என்றார். அதையும் வாங்கினேன், சிரிக்காதீர்கள். வழக்கமான 6203 பேரிங்கின் உள் துளை 17 மி.மீ. என் ஷாஃப்ட்டோ 5/8 இன்ச், அதாவது 15.875 மி.மீ. வெளி அளவு அதே 40 மி.மீ. என்பதால் ஹவுசிங்கில் அழகாக உட்காரும், ஷாஃப்ட் மட்டும் உள்ளே கடகடவென்று ஆடும். 5/8 துளையோடும் 6203 கிடைக்கிறது, துளை அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்பிண்டில் செட் விற்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் பிளேடு. அமெரிக்கத் தரநிலை அதன் நுனிக்கு அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, மணிக்குக் கிட்டத்தட்ட 347 கி.மீ. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை, நான் அதற்கு நேர் மேலே அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் துளை அளவு சொல்லி வேறு இடத்தில் பேரிங் வாங்கி, பழைய ஸ்பேசரையே போட்டு மாட்டினேன். நட்டை முழுக்க இறுக்கியபிறகும் கையால் சுற்றுகிறது, அரை மணி நேரம் வெட்டிவிட்டுத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும்தான். அந்த ஆளின் விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, கிரீஸ் நிப்பிளைப் பெரிதாகக் காட்டும் அதே படத்தோடு. பெயர் போடாத வெள்ளைப் பெட்டியில் செட் வந்திருந்தால் டெக்கில் ஏற்றும் முன் பிரித்து ஸ்பேசரை அளந்துவிடுங்கள், பழைய ஸ்பிண்டிலை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.