வீட்டு பிராட்பேண்டுக்குப் பதில் மொபைல் ஹாட்ஸ்பாட்: எதுவரை தாங்கும்?

கேபிள் தெருவுக்கே வராத வீடுகளும், ரூட்டர், முன்பணம், இணைப்புக் கட்டணம் என்று முதல் மாதமே கை கடிக்கும் வீடுகளும் கடைசியில் நம்புவது போன் ஹாட்ஸ்பாட்டைத்தான். ஒருவர் இருவர் மெயில் பார்க்க, படிவம் நிரப்ப இது தாராளம். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் போதாது.

டேட்டா கணக்குதான் காரணம். வீடியோ வகுப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, ஹெச்டி படம் 3 ஜிபி வரை இழுக்கும். அதைவிட மோசம், லேப்டாப் சத்தமில்லாமல் இறக்கும் அப்டேட். விண்டோஸ் அமைப்புகளில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடு வரும் இணைப்பு) என்று குறித்தால் பெரும்பாலும் நிற்கும். சிக்னல் குறைந்தால் போனை ஜன்னலோரம் வையுங்கள். போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் சுவர் இருந்தால் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள், ஒரே அறை என்றால் 5. சார்ஜ் ஏற்றியபடி மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறி வேகமும் பேட்டரி ஆயுளும் குறையும், உறையைக் கழற்றிவிடுங்கள்.

சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டு, முதலிலேயே கேட்பது நல்லது. எந்த அமைப்பை மாற்றியும் சரியாகாத குறை ஒன்று: போன்காரர் வெளியே கிளம்பினால் வீட்டு இணையமும் கூடவே கிளம்பிவிடும். வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருந்தால், சிம் போடும் 4ஜி ரூட்டரே மேல்.