மூன்று வார விடுமுறையில் புது வீட்டுச் சாவி: பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் நிலவரம்

மெல்பர்ன், லண்டன், சிங்கப்பூர் என்று போய்விட்ட மலேசியத் தமிழர்களுக்கு ஊர் வருகையில் இப்போது புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அம்மா அப்பாவுக்கென்று மூன்று நான்கு வருடத்துக்கு முன் பதிந்துவைத்த அடுக்குமாடி வீட்டின் சாவியை வாங்கி, வீட்டைச் சோதித்து, குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புவது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் புதுக் கட்டடங்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்ததை, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பண்டிகையைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள், கடிதத்தைப் பார்த்துப் போடுங்கள். மேம்பாட்டாளர் (வீட்டைக் கட்டி விற்கும் நிறுவனம்) அனுப்பும் ஒப்படைப்புக் கடிதம் வந்து 30 நாள் கழிந்தால், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பழைய ஒப்பந்தங்களில் இது 14 நாள்தான். அந்தத் தேதியிலிருந்து 24 மாதக் குறைதீர்ப்புக் காலம் ஓட ஆரம்பிக்கிறது, மாதப் பராமரிப்புக் கட்டணமும் அன்றே தொடங்கிவிடுகிறது. கடிதம் உங்கள் பழைய தாமான் வீட்டு முகவரிக்குப் போய், அங்கே யாரோ மேசை டிராயரில் போட்டு வைத்தால் அதற்கும் நாள் எண்ணப்படும். முகவரி மாறியிருந்தால் மேம்பாட்டாளருக்கும் வழக்கறிஞருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு வட்டாரமும் ஏன் இப்படி உயர்ந்து நிற்கின்றன என்றால், இரண்டுமே ரயில்வே நிலம். 72 ஏக்கர் ரயில்வே யார்டுதான் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலைய வளாகம் ஆனது. 2001-ல் நிலையம் திறந்தது, 2014-ல் நு சென்ட்ரல் பேரங்காடி வந்தபின் மோனோரயிலுக்கு மழையில் நனையாமல் நடக்க முடிகிறது. செந்தூலில் பழைய ரயில்வே பட்டறையைச் சுற்றிய நிலம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. நகர ரயில் வழித்தடம் முழுமையானதும் ஜாலான் ஈப்போ, செந்தூல் பாராட் பக்கம் ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. நம் பாட்டன்மார் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த இடத்தில் இன்று பேரப்பிள்ளைகள் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். அந்த இடத்திலேயே பெற்றோரைக் குடிவைக்க நினைப்பது நியாயமான ஆசை. அதனால்தான் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

தங்க இடம் பற்றி ஒரு சொல். கொண்டோவில் நாள் வாடகைக்கு அறை எடுப்பதாக இருந்தால், அந்தக் கட்டடத்தில் அது அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். நிர்வாகக் கழகம் விதி போட்டுக் குறுகியகால வாடகையைத் தடுக்கலாம் என்று 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தடுத்த கட்டடத்தில் ஜாகா (காவலாளி) உங்களைப் பெட்டியோடு லாபியிலேயே நிறுத்திவிடுவார், பணம் கொடுத்தது வேறு யாருக்கோ. விமான நிலைய டெர்மினல் 1-ல் இருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடம்.

சாவி வாங்கும் மேசையில் அவசரப்படாதீர்கள். முதலில் சி.சி.சி. (கட்டடம் முறைப்படி முடிந்தது என்ற) சான்றிதழின் நகலைக் கேளுங்கள், அது இல்லாத ஒப்படைப்பு முறையான ஒப்படைப்பு ஆகாது. சாவிகள், நுழைவு அட்டைகள், கார் நிறுத்துமிட எண், மின்சார, தண்ணீர் மீட்டர் எண்கள், குறைப் படிவம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் தேதியோடு கையொப்பம் இடுங்கள். கட்டுக்கட்டாக வரும் தாள்களுக்கு நடுவே ‘இழப்பீடு எதுவும் கோரமாட்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுக்குமாடி வீட்டுக்கென்று சட்டம் வகுத்த ‘அட்டவணை ஹெச்’ விற்பனை ஒப்பந்தத்தில் 36 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10% வீதம் நாள் கணக்கில் இழப்பீடு. 500,000 வெள்ளி (ரிங்கிட்) வீட்டுக்கு ஒரு நாள் தாமதம் ஏறக்குறைய 137 வெள்ளி. நாள் எண்ணுவது முன்பதிவுப் பணம் கட்டிய தேதியிலிருந்து என்று 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே அந்தப் பழைய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சோஹோ, சோவோ என்று விற்கப்படும் ‘அலுவலக வீடு’ வாங்கியவர்கள் தங்கள் ஒப்பந்தம் உண்மையில் அட்டவணை ஹெச்-தானா என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன பாதுகாப்புகளை எண்ணி இருக்க முடியாது.

இப்போது வீட்டுக்குள். கையில் இருக்க வேண்டியவை: ஒரு வாளி, மூன்று கால் சாக்கெட் சோதிப்பான், டார்ச், மாஸ்கிங் டேப், நீளமான ஒரு மரக்குச்சி அல்லது உலோகக் கம்பி, கைபேசி. நல்ல வெளிச்சத்தில், காலை ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள்.

தரை ஓடுகளைக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி மூடிய மாதிரி வரும், உள்ளே வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டினதுபோல ஒலிக்கும். பசையை ஓடு முழுக்கச் சீவிப் பரப்பாமல் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்திவிட்டால் இப்படி ஆகும். சூட்டில் விரிய இடமில்லாத தரையில் அந்த ஓடு ஒருநாள் கூடாரம்போல் எழும்பிவிடும். எழும்பும் ஓட்டில் வயதானவர்களின் கால் தட்டும். குறையுள்ள ஓட்டின் மேல் டேப்பை ஒட்டி, எண் எழுதி, டேப்போடு படம் எடுங்கள். மாற்றும்போது அதே தொகுதி ஓடு கேளுங்கள், இல்லையென்றால் நிறம் ஒத்துப்போகாது.

குளியலறைதான் அதிகம் சண்டை வரும் இடம். செந்தூலில் பார்த்த ஒரு வீட்டில் வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினால் அது ஃப்ளோர் டிராப் (தரை வடிகால்) பக்கம் போகாமல் கதவோரம் போய் ஒரு பிடி அளவு தேங்கி நின்றது. ஓட்டுக்காரர் சரிவை எதிர்ப்பக்கம் கொடுத்திருந்தார். மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது டிராப்பை நோக்கி இறக்கம் இருந்தால்தான் தண்ணீர் ஓடும். அடுத்தது தேக்கச் சோதனை: டிராப்பை அடைத்து, நிலைப்படியைத் தாண்டாத அளவுக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் பார்ப்பது. கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்தக் குளியலறைக் கூரையில் சிறிய திறப்புப் பலகை இருக்கும். அதைத் தூக்கி டார்ச் அடித்து மேல் மாடித் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குழாய்கள் நுழையும் துளையைச் சுற்றி வெள்ளை உப்புக் கோடுகள் தெரிந்தால் ஏற்கெனவே கசிந்திருக்கிறது. பிற்பாடு குடியேறியபின் கசிந்தால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்த்து, பார்த்த 5 நாளுக்குள் படிவம் 28 சான்று தர வேண்டும் என்பது 2015-ன் அடுக்குமாடி நிர்வாக விதி. கசிவு மேல் வீட்டிலிருந்து வந்ததாகவே முதலில் கொள்ளப்படும்.

மின் பெட்டியில் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ‘டி’ சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள், சாக்கெட்டுகளுக்கு 30. ஏர்கான் நீர் வெளியேறும் குழாய் வாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், திரும்பி வந்தால் சுவருக்குள் சரிவு இல்லை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் குழாய்த் தண்ணீர் அடித்து உள்ளே ஈரம் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். நவம்பர் சாய்மழையில் தெரிந்துகொள்ளும் நேரத்தில் நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள்.

சமையலறையை நம்மவர்கள் வாங்கும்போது யோசிப்பதில்லை. பல புதுக் கட்டடங்களில் கொடுப்பது திறந்த உலர் சமையலறைதான். காய்ந்த மிளகாய் தாளித்தால் புகை ஹாலில் சுற்றி, கதவு திறந்தால் பொது நடைக்கும் போகும். புகை வெளியே போகும் குழாய்த் துளை சுவரில் இருக்கிறதா, இல்லை புகைபோக்கி அதே காற்றை வடிகட்டித் திருப்பி விடும் வகையா என்று கேளுங்கள். கேஸ் தோங் (சிலிண்டர்) கட்டடத்தில் அனுமதியா, குழாய் எரிவாயுவா, வெறும் மின்அடுப்பா என்பதும் அம்மாவின் பாத்திரங்களைத் தீர்மானிக்கும் விஷயம். பூஜை விளக்குக்கு மேலே கூரையில் தீ உணர்கருவி இருந்தால் இடத்தை மாற்றுங்கள், உணர்கருவியை மூடவேண்டாம். செருப்பு அலமாரி நடையில் வைக்க விடமாட்டார்கள், அது தீயில் ஓடும் வழி என்பதால் அந்த விதி சரியே.

இனி விடுமுறை கணக்கு. குறைப் பட்டியல் கொடுத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் பழுது பார்க்க வேண்டும். உங்கள் விடுப்போ மூன்று வாரம். ஆக முதல் நான்கு நாளுக்குள் சோதித்து, பட்டியலை எண்ணிட்டு, படங்களோடு கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்பதை நம்ப வேண்டாம். 30 நாள் தாண்டியும் செய்யாவிட்டால், செலவு மதிப்பீட்டை எழுதி அவர்களுக்கே மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்தபின் நீங்களே செய்து, வழக்கறிஞர் கையில் பிடித்து வைத்திருக்கும் 5% பணத்திலிருந்து கேட்கலாம். 500,000 வெள்ளிக்கு அது 25,000. பாதி 8 மாதத்திலும் மீதி 24 மாதத்திலும் விடுவிக்கப்படும். அதற்கு மேல் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம்: 10 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரிக்கை, வழக்கறிஞர் தேவையில்லை. குறைதீர்ப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

நீங்கள் போனபின் பழுது பார்க்க வருபவர்களுக்குக் கதவு திறக்க ஒருவர் வேண்டும். சாதாரண அனுமதிக் கடிதம் பழுதுக்குப் போதும். வீட்டை வாடகைக்கு விட, வழக்குப் பேச, அதிகாரப் பத்திரம் வேண்டும், அதை வெளிநாட்டில் எழுதினால் நோட்டரி அல்லது மலேசியத் தூதரகத்தில் சான்று பெற்று, கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒதுக்கிய விகிதப் பங்கின்படி, அதற்கு மேல் பெரிய பழுதுகளுக்கான 10% சேமநிதி. சதுர அடிக்கு 35 சென் என்றால் 900 சதுர அடிக்கு 315 வெள்ளியும் 31.50-ம். நிலுவை வைத்தால் நுழைவு அட்டையை நிறுத்திவைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு, வட்டியும் விழும். கீழே கடைகள், மேலே வீடுகள் என்றுள்ள கட்டடத்தில் கடைத் தளத்தின் லிப்ட், குப்பை அறை, எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டிச் செலவு யார் கணக்கில் விழுகிறது என்று முதல் ஆண்டுக் கூட்டத்திலேயே கேளுங்கள். ஒப்படைப்பிலிருந்து 12 மாதத்துக்குள் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். வர முடியாதவர்கள் 48 மணி நேரத்துக்கு முன் பிரதிநிதிக் கடிதம் கொடுக்கலாம், ஒருவர் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் பிரதிநிதி. மாமா பத்துப் பேருக்குக் கைதூக்கும் வழக்கம் செல்லாது. கூட்டத்துக்கு 7 நாள் முன்பே நிலுவையைக் கட்டியிருந்தால்தான் வாக்கு.

பயண நாளன்று தண்ணீர் மெயின் வால்வை மூடி, சுடுநீர்க் கருவியின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு ஃப்ளோர் டிராப்பிலும் ஒரு குவளை தண்ணீரும் மேலே இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். பூட்டிய வீட்டில் டிராப்புத் தண்ணீர் வற்றியதும் சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறும், எண்ணெய்ப் படலம் அது வற்றுவதைத் தாமதிக்கும்.