கொலையாளியைத் தெரிந்துகொண்டே படித்த மர்ம நாவல்

ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். ஆலிஸ் கிம்பர்லியின் ‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மெக்லூர்’, 2004-இல் வந்த நாவல். வீட்டுக்கு வந்து சில அத்தியாயம் போன பிறகுதான் கவனித்தேன்: ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, ‘இந்த ஆள்தான்’ என்று யாரோ குண்டு குண்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபது ரூபாய் போச்சு என்று மூடி வைத்தேன். ராத்திரி தூக்கம் வராமல் மறுபடி எடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன், அந்த ஆள்தான் என்று தெரிந்தும்.

கதை அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், குவிண்டிகாட் என்ற சிற்றூரில் நடக்கிறது. கணவனை இழந்த பெனலபி, சின்னப் பையனோடு நியூயார்க்கை விட்டு வந்து, அத்தை சேடியின் நொடித்துப்போன புத்தகக் கடையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறாள். விழா வைத்து ஒரு பிரபல மர்ம எழுத்தாளரைக் கூப்பிடுகிறாள். வந்த மனிதர் கடையிலேயே விழுந்து செத்துப் போகிறார். அவர் பெயரும் பணமும் சம்பாதித்ததே ஜாக் ஷெப்பர்ட் என்ற துப்பறிவாளரை வைத்து எழுதிய கதைகளில்தான். அந்த ஜாக் 1949-இல் சுட்டுக் கொல்லப்பட்டது இதே கடைக்குள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்.

ஜாக் பெரும்பாலும் பெனலபியின் தலைக்குள் ஒரு குரலாகத்தான் வருகிறார். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் பயப்படுவது நன்றாக இருக்கிறது. எனக்கு முருங்கை மர வேதாளம் ஞாபகம் வந்தது. விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்கு ஓடிவிடும். பெனலபி வாய் திறந்தால் எதிரே நிற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். இந்தப் புத்தகத்தில் ஜாக்கால் கடையை விட்டு வெளியே போக முடியாது. யோசனை அவருடையது, அலைச்சல் இவளுடையது. (அடுத்த புத்தகத்தில் அவருடைய பழைய ஐந்து சென்ட் காசு ஒன்றை இவள் எடுத்துப் போனால் அவரும் கூடவே வருவார்.)

நான் ஒன்பது வருடம் புத்தகக் கடையில் பில் போட்டவள். நாற்பது பேர் வருவார்கள் என்று சமோசா சொல்லிவிட்டு, வந்த பதினொரு பேருக்கு ஆளுக்கு மூன்றாகக் கொடுத்திருக்கிறேன். அதனால் விழா நாளில் பெனலபிக்கு வரும் வயிற்றுக் கலக்கம் எனக்கும் வந்தது. எழுத்தாளர் இறந்ததும் கடைக்குக் கூட்டம் வருகிறதே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் கடையிலும் ஒரு எழுத்தாளர் காலமான செய்தி வந்த அன்று, அவர் புத்தகங்களை முன்மேசைக்கு எடுத்து வைக்கச் சொன்னார் முதலாளி. வைத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஜாக்கின் நாற்பதுகளின் கொச்சை பாதிக்கு மேல் திகட்டுகிறது. பெண் என்றால் ‘டால்’, ‘பேபி’தான். போலீஸ்காரர்கள் வசதிக்காக மந்தமாக இருக்கிறார்கள். ஆனால் தொலைக்காட்சி வினாடி வினாவில் ஜெயித்த காசில் ஐஸ்கிரீம் வண்டி வாங்கிய தபால்காரர் சீமூருக்காக இதையெல்லாம் மன்னிக்கலாம். மர்மம் எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆலிஸ் கிம்பர்லி என்பது ஒருவர் இல்லை. ஆலிஸ் அல்ஃபோன்சி, மார்க் செராசினி என்ற மனைவியும் கணவனும் சேர்ந்து எழுதுகிறார்கள். கிளியோ காயில் என்ற பெயரில் காப்பிக்கடை மர்மக் கதைகள் எழுதுவதும் இவர்கள்தான். பெனலபியும் ஜாக்கும் போடும் சண்டையில் குடும்பச் சண்டை வாடை அடிப்பது அதனால்தானோ என்னவோ.

நாத்தனார் படிக்கக் கேட்டிருக்கிறாள். கொடுக்கும் முன் ரப்பரால் அழித்தேன். பென்சில் போய்விட்டது, அழுத்தி எழுதிய தடம் மட்டும் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. நல்லவேளை, அவள் பகலில்தான் படிப்பாள்.