சிங்கப்பூர் தேக்கா பக்கம் 'கொழுப்பைக் கரைக்கும் தூள்' விற்கிறார்கள், பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்

அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் கொழுப்பைக் குறைக்கத் தரும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை ஆறு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் போட்டு வந்தார். கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 2.5 மில்லிமோலில் நின்றது. தீபாவளிக்கு முன் தேக்காவில் காய்கறி வாங்கப் போனவர், ஒரு தற்காலிகக் கடையில் 360 வெள்ளி கொடுத்து மூன்று டப்பா மூலிகைத் தூளோடு திரும்பினார்.

விற்றவர் வெள்ளை அங்கி போட்டிருந்தாராம். கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, தூளைத் தூவிக் கலக்கியிருக்கிறார். மஞ்சளாக மிதந்த எண்ணெய் மறைந்து, நீர் பால்போல் வெளுத்ததாம். "உங்கள் ரத்தக் குழாயிலும் இப்படித்தான் கரையும் அம்மா. அந்த மாத்திரை கல்லீரலை அரித்துவிடும், நிறுத்திவிட்டு இதை 48 நாள் குடியுங்கள்" என்றாராம்.

அம்மா எங்களிடம் மூச்சுவிடவில்லை. பிரிக்காத மாத்திரை அட்டைகள் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தன. ஜனவரிப் பரிசோதனையில் 4.4 வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை ஒரு தலைச்சுற்றல்கூடக் கிடையாது. கொழுப்பு ஏறினால் உடம்பு காட்டிக்கொடுக்காது. நேராக மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் பதறுகிறது.

பாத்திரம் கழுவும் திரவம் விட்டாலும் குவளையில் எண்ணெய் கரையத்தான் செய்யும். ரத்தத்தில் கொழுப்பு அப்படி மிதப்பதில்லை; பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது. அந்த உற்பத்தியைக் குறைப்பதுதான் மாத்திரையின் வேலை. சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவுக்கு ஏன் மாத்திரை என்பது எனக்கே அன்றுதான் விளங்கியது. கல்லீரலுக்குக் கடுமையான பாதிப்பு மிக அரிது என்றார் மருத்துவர். தசை வலி போன்ற தொல்லை இருந்தால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்களாம். கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டப்பாவில் 'அரசாங்க அங்கீகாரம் பெற்றது' என்று அச்சிட்டிருந்தார்கள். இதுபோன்ற துணைச்சத்துப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் விற்பனைக்கு முன் சோதித்து அங்கீகரிப்பதில்லை. நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவும் அவற்றுக்கு அனுமதி இல்லை. ரசீதில் கடைப் பெயர் இல்லை. நான் போனபோது அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். மீதித் தூளின் படங்களோடு ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

அம்மா மீண்டும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். தினமும் இரவு அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் விளக்கை அணைக்கிறேன்.