மலைநாட்டு ஈரத்தில் எயார் ரைபிள் குழல்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

ஹட்டன் பக்கம் எங்கள் கழகத்தில் இருப்பது பக்கவாட்டில் நெம்புகோல் இழுக்கும் பழைய ஸ்பிரிங் எயார் ரைபிள். 4.5 மி.மீ. ஈயச் சன்னம், 10 மீற்றர் தூரம். அதன் குழலைப் பராமரிக்கும் வேலை பல வருடமாக என் தலையில். இத்தனை காலம் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது, இந்த ஊருக்கு ஈயப் படிவைவிட ஈரம்தான் பெரிய எதிரி.

எயார் ரைபிளில் வெடிமருந்து எரிவதில்லை. சன்னமும் விநாடிக்கு 170 மீற்றர் அளவில்தான் போகிறது. அதனால் குழலுக்குள் கரி இல்லை, ஈயம் ஒட்டுவதும் கொஞ்சம்தான். ஆனால் 10 மீற்றர் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. பொட்டு. கொஞ்சம் ஒட்டினாலும் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து சன்னம் ஒரே ஓட்டையாக விழுந்த ரைபிள், திடீரென்று ஒன்றிரண்டை ஓரத்தில் வீசும். “அண்ணே, குழல் போயிருச்சா?” என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் திருகாணிகளையும் குறிபார்க்கும் சாதனத்தையும் பார்ப்பேன், அப்புறம் சன்ன டப்பாவைத் திறப்பேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழைக்காலத்தில் ஈயச் சன்னத்தில் வெள்ளையாய் மா பூத்திருக்கும். அதைச் சுட்டால் அந்த மாவெல்லாம் குழலுக்குள்தான். டப்பாவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடி வைத்த பிறகு பாதிப் பிரச்சினை ஓய்ந்தது. (அந்த மா நஞ்சு. கை கழுவாமல் பிளேன்டீ கோப்பையைத் தொட யாரையும் விடுவதில்லை.)

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிதறினால்தான் சுத்தம். மூட்டுப் போட்ட அலுமினியக் கம்பி எனக்குப் பிடிக்கவில்லை: மூட்டு விளிம்பு குழலின் வாயில் உரசுகிறது. சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் எந்தச் சுத்தமும் காப்பாற்றாது. இப்போது பாவிப்பது தூண்டில் நைலோன் நூல். அதை இரண்டாக மடித்து வாய்ப்பக்கமிருந்து உள்ளே விட்டு, சன்னம் போடும் பக்கத்தில் வரும் மடிப்பில் பழைய பெனியன் துணித் துண்டைக் கோர்த்து, சன்னம் போகும் திசையிலேயே இழுக்கிறேன். வாயை நெருங்கும்போது கை கொஞ்சம் இறுகுவது தெரியும், குழல் அங்கே சற்று ஒடுக்கம். முதல் துண்டு சாம்பல் கோடுகளோடு வரும். மூன்றாவது நான்காவது வெளிறிவிட்டால் நிறுத்திவிடுவேன். பளபளக்கும்வரை தேய்ப்பதில் பயனில்லை.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துப்புரவுத் தக்கையும் நல்ல சாமான்தான், இழுத்துத் துடைக்க. ஆனால் ஸ்பிரிங் ரைபிளில் அதைத் தனியாகச் சுடக் கூடாது. பாரமில்லாத தக்கைக்குப் பின்னால் காற்று அழுத்தம் போதாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் போய் மோதும். பித்தளைத் தூரிகை வாங்கியது வீண்செலவு. எண்ணெய் விசிறுவதும் வேண்டாம்; அது பிஸ்டன் காற்றை அழுத்தும் அறைக்குள் போனால் சூட்டில் எரிந்து புகைக்கும், வேகம் தாறுமாறாகும், காற்றை அடைக்கும் சீலும் கெடும். நீண்ட விடுமுறைக்கு மட்டும் ஒரு துளி தொட்ட துணியை இழுத்து வைத்து, திரும்ப எடுக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறோம்.

சுத்தம் செய்த கையோடு போட்டிக்குப் போகாதீர்கள். முதல் சில சன்னங்கள் வேறு இடத்தில் விழும், குழல் மறுபடி ஈயம் பூசிக்கொண்டு நிலைக்கு வரும்வரை. அவற்றைப் பயிற்சி அட்டையில் கழித்துவிட்டு வந்தால் நல்லது.

அடுத்தது பனி. சனவரி காலையில் நுவரெலியாவுக்குக் குளிரில் எடுத்துப்போன ரைபிளை ஆட்கள் நிறைந்த அறையில் உடனே பெட்டியிலிருந்து எடுத்தால் இரும்பு முழுக்க வியர்க்கும். அரை மணி நேரமாவது பெட்டிக்குள்ளேயே விடுங்கள். கழகத்து இரும்பு அலுமாரியிலும் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறோம், நீலம் ரோசாவானால் அடுப்பில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கும் வகை. பஞ்சுறைப் பெட்டியில் பூட்டி வைப்பதை நிறுத்திவிட்டோம், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

.22 ரைபிள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் வெடிமருந்துக் கரியும் சன்னத்து மெழுகும் சேர்வதால் கரைப்பானும் ஒழுங்கான கம்பியும் தேவை.